இருபத்திரண்டு பாகை

ஜொனாதன்: இதுவரை உலகில் வெளிவந்த அத்தனை கொம்பியூட்டர் கிரிக்கெட் கேம்களும் பொய். பொய் சொல்லாத முதலாவது கேம் இன்று மாலை, வெள்ளவத்தையில், இந்த மொட்டைமாடியில் பிறக்கிறது. அதைப் படைக்கும் ஜொனாதன் ஆகிய நான் முழுப் பொறுப்புடன் சொல்கிறேன்...

திலக்ஷன்: டேய், ஒரு போன் விழுந்திட்டுது.

ஜொனாதன்: எந்தப் போன்?

திலக்ஷன்: கூட்டுற தும்புத்தடியில கட்டினது. கடல்காத்துக்குத் தாங்கேல்லை.

ஜொனாதன்: நிமித்தி வை. நான் பேச்சை விட்ட இடத்திலயிருந்து தொடங்குறன். இதில் வரும் உருவங்களைக் கீறுபவர் நிலூஷா. பந்து வீசுபவர் கொட்டாஞ்சேனை திலக்ஷன். இன்றைக்கு இவரை ஒருவருக்கும் தெரியாது. நாளைக்கு...

நிலூஷா: ஜொனா, உன்ர அறிமுக உரையைப் பேந்து எடுப்பம். எவ்வளவு நேரமா இவன் உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி ஒட்டிக்கொண்டு நிக்கிறான். முன் பிளட்டில கேர்ட்டனை விலக்கிப் பாக்கினம்.

திலக்ஷன்: பாக்கட்டும். அந்த அன்ரி தம்பிக்குக் கொப்பளிப்பான் அம்மையோ எண்டு கேட்டவ.

ஜொனாதன்: நீ என்ன சொன்னனீ?

திலக்ஷன்: ஓம் எண்டனான். இதை விளங்கப்படுத்திறதிலும் பாக்க அது சுகம்.

ஜொனாதன்: இதில விளங்கப்படுத்த என்ன கிடக்கு? மூட்டுக்கு மூட்டு ஒரு புள்ளி. நாலு போன் நாலு பக்கத்தால பாக்குது. நீ ஓடி வந்து பந்தைப் போடு. என்ர புரோகிராம் அந்தப் புள்ளியளைப் பொறுக்கி எடுத்து உன்னை அப்பிடியே கேமுக்குள்ள இறக்கும். உன்ர நடை, உன்ர நெளிவு, பந்து போட முதல் நீ மூக்கைத் தடவுறது, எல்லாம்.

திலக்ஷன்: நான் மூக்கைத் தடவுறனானோ?

நிலூஷா: ஒவ்வொரு பந்துக்கும்.

திலக்ஷன்: ச்சே... ஒருத்தரும் சொல்லேல்லையே.

ஜொனாதன்: என்ர கேம் சொல்லும். அதுதான் வித்தியாசம். மற்றவங்கள் என்ன செய்யிறவங்கள் தெரியுமோ? ஒருத்தன்ர காலை எடுத்து, இன்னொருத்தன்ர கையை எடுத்து ஒட்டுறது. முகம் மூண்டாவது ஆள். பத்து பௌலர் நிண்டா பத்துப் பேருக்கும் ஒரே தோள். கொத்துறொட்டி மாதிரி, கடையில கிடந்ததெல்லாத்தையும் போட்டுக் கொத்துறது.

நிலூஷா: எல்லாருக்கும் நேரம் இல்லை, ஜொனா.

ஜொனாதன்: நேரம் இல்லாட்டிப் பொய் சொல்லோணுமோ? அப்பிடி ஒட்டுறவன் கேம் செய்யிற ஆள் இல்லை. தையல்காரன்.

திலக்ஷன்: என்ர மாமா தையல்காரன்டா.

ஜொனாதன்: உன்ர மாமா ஆக்களின்ர கையை வெட்டி ஒட்டுறேல்லைத்தானே?

திலக்ஷன்: அவர் தைச்ச சேட்டுகளைப் போட்டா சிலவேளை அப்பிடித்தான் இருக்கும்.

நிலூஷா: மழையைப் பற்றி அவனுக்குச் சொன்னனியோ?

ஜொனாதன்: மழை வந்தா கேம் நிக்கும்.

திலக்ஷன்: எல்லாக் கேமிலையும் நிக்கும்தானே?

ஜொனாதன்: மற்றதுகளில ஒரு நிமிசம் மேகத்தைக் காட்டிட்டு வெயில் வந்திடும். என்ரையில மழை நிக்கிற மட்டும் நிக்கும். விளையாடுறவன் பிட்ச்சை மூடின தார்ப்பாயைப் பாத்துக்கொண்டு இருக்கோணும்.

திலக்ஷன்: வேற ஒண்டும் செய்யேலாதோ?

ஜொனாதன்: பிளேன்ரீ குடிக்கலாம். அதுக்கு ஒரு பட்டன் இருக்கு.

நிலூஷா: அந்தப் பட்டனையும் நான் கெஞ்சித்தான் வாங்கினனான்.

திலக்ஷன்: ஆர்ரா இதைக் காசு குடுத்து வாங்குவான்?

ஜொனாதன்: உண்மையை நேசிக்கிறவன்.

நிலூஷா: ரெண்டு பேர். ஒருத்தன் இவன். மற்றது இவன்ர அப்பா, அதுவும் வேற வழியில்லாம.

திலக்ஷன்: அப்ப... கையும் அப்பிடியே வருமோ? உள்ளது உள்ளபடி?

ஜொனாதன்: அரைப் பாகை பிசகாது.

திலக்ஷன்: அது எப்பிடி உனக்குத் தெரியும்?

நிலூஷா: சொல்லு. குளியலறைக் கதவைச் சொல்லு.

ஜொனாதன்: எங்கட வீட்டுக் குளியலறைக் கதவில புள்ளி ஒட்டினனான். கொஞ்சம் கொஞ்சமாத் திறந்து, நிலத்தில பாகைமானி வைச்சு அளந்தனான். கதவு முப்பது பாகை திறந்தா புரோகிராமும் முப்பது எண்டுது. மிஞ்சினா அரைதான் வித்தியாசம்.

நிலூஷா: இவன்ர அப்பா அப்ப உள்ளுக்கு இருந்தவர்.

ஜொனாதன்: விஞ்ஞானத்துக்காக அவர் கொஞ்சம் பொறுத்துக்கொண்டார்.

திலக்ஷன்: கதவு வேற, கை வேறயடா.

ஜொனாதன்: ரெண்டும் மூட்டுத்தான். பிணைச்சலில திரும்பினா கதவு, எலும்பில திரும்பினா கை. புரோகிராமுக்கு ரெண்டும் ஒண்டு. அதுக்கு உன்னைத் தெரியாது, உன்ர அம்மாவைத் தெரியாது, நீ ஆர்ர சினேகிதன் எண்டும் தெரியாது.

திலக்ஷன்: ம்... அது நல்லம். சரி, போடுவம்.

நிலூஷா: சனிக்கிழமை மட்ச்சை வைச்சுக்கொண்டு இண்டைக்கு இவ்வளவு போடலாமோ?

திலக்ஷன்: ரெண்டு ஓவர்தானே. ஒண்டும் ஆகாது.

நிலூஷா: சனிக்கிழமை நல்லாப் போட்டா கிளப் உன்னை வருசத்துக்கு எடுக்கும் எண்டனீ. சம்பளத்தோட.

திலக்ஷன்: ஓம். எடுக்காட்டி மாமான்ர கடை. சேட்டுக்குக் கை வெட்டலாம்.

ஜொனாதன்: எடுக்காம விடுவாங்களோ? உன்ர அந்த மற்றப் பக்கம் திரும்புற பந்து ஒண்டு காணும். உள்ளுக்கு வருது எண்டு பட்ஸ்மன் காலை வைக்க, அது வெளிய போகும். பாவம், பாக்கவே அழுகை வரும்.

திலக்ஷன்: அது ஒண்டுதான்டா இருக்கு என்னட்டை. சும்மா ஓவ் ஸ்பின் போடுறவங்கள் கொழும்பில பஸ் நிறைய இருக்கிறாங்கள்.

ஜொனாதன்: எனக்கும் அதுதான் வேணும். முதல் ஒரு ஓவர் சாதாரணப் பந்து. அடுத்த ஓவர் முழுக்க அந்தப் பந்து. நிலூ, போன் நாலும் ஓடுதோ?

நிலூஷா: பொறு, ரயில் வருது. மாடி அதிரும்.

திலக்ஷன்: கேமில ரயில் வருமோ?

ஜொனாதன்: வரும். பிந்தி வரும்.

நிலூஷா: ...போயிட்டுது. ஓடு, திலக்ஷன்.

*

நிலூஷா: ஜொனா... இங்க வா. இதைப் பார்.

ஜொனாதன்: அவன் எங்க?

நிலூஷா: காலி வீதிக்கு ரோல்ஸ் வாங்கப் போயிட்டான். நீ முதல் இதைப் பார். இது சாதாரணப் பந்து. முழங்கை ஒன்பது பாகை, பத்து, பத்து, ஒன்பது...

ஜொனாதன்: நல்லம்தானே. மனுசக் கையெண்டா கொஞ்சம் மடங்கி நிமிரத்தான் செய்யும். பதினைஞ்சு பாகை வரைக்கும் சட்டமே விடுது.

நிலூஷா: இது அந்தப் பந்து. கை தோள் மட்டத்துக்கு வரேக்க மடங்கிக் கிடக்கு. பந்து விடேக்க நிமிருது. இருபத்திரண்டு. அடுத்ததும் இருபத்திரண்டு. இது இருபத்திமூண்டு.

ஜொனாதன்: புரோகிராமில பிழை.

நிலூஷா: அரைப் பாகை பிசகாது எண்டனீ.

ஜொனாதன்: புள்ளி வழுகியிருக்கும். வேர்வைக்கு.

நிலூஷா: முதல் ஓவர் முழுக்க வழுகாம, இந்தப் பந்துக்கு மட்டும் வழுகினதோ? ஒவ்வொரு தரமும் ஒரே அளவுக்கு?

ஜொனாதன்: காத்து.

நிலூஷா: ஜொனா.

ஜொனாதன்: ரயில் போன அதிர்வு...

நிலூஷா: ஜொனா. அவன் போடேல்லை, எறியிறான்.

ஜொனாதன்: மெல்லக் கதை.

நிலூஷா: அவன் ரோட்டில நிக்கிறான்.

ஜொனாதன்: எண்டாலும் மெல்லக் கதை. ஸ்கூலில எத்தினை வருசம் இவனுக்கு நான் விக்கட் கீப்பர்? இந்தப் பந்து என்ர கைக்குள்ள எத்தினை தரம் வந்து விழுந்திருக்கும்? ஒரு நாள்கூட எனக்கு அப்பிடித் தெரியேல்லையே.

நிலூஷா: கண்ணுக்குத் தெரியாதுதானே. தெரியாது எண்டுதானே நீ நாலு போன் கட்டினனீ.

ஜொனாதன்: அவனுக்கும் தெரியாது, நிலூ. பாவம். சத்தியமாத் தெரிஞ்சிருக்காது.

நிலூஷா: அப்ப சொல்லோணும்.

ஜொனாதன்: சனிக்கிழமைக்கு முன்னமோ?

நிலூஷா: பின்ன? ஞாயிற்றுக்கிழமையோ?

ஜொனாதன்: சொன்னா அந்தப் பந்தைப் போடமாட்டான். போடாட்டி எடுக்கமாட்டாங்கள். சொல்லாட்டி... ஆருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும் இந்தக் கொம்பியூட்டருக்கும்.

நிலூஷா: அம்பயருக்குக் கண் இல்லையோ?

ஜொனாதன்: அம்பயரிட்ட தும்புத்தடி இல்லை.

நிலூஷா: பகிடி விடாத. ஒரு அம்பயர் சந்தேகமெண்டு எழுதிக் குடுத்தாக் காணும், பரிசோதனைக்குக் கூப்பிடுவாங்கள். அங்க உன்ரையிலும் பாக்கப் பெரிய மெசின் இருக்கும். அதில பிழை எண்டு வந்தா ஒரு வருசம் பந்து தொடேலாது. பிறகு எங்க போனாலும் உவன் எறியிறவன் எண்டு ஒரு பேர். அது போகாது.

ஜொனாதன்: எழுதிக் குடுத்தாத்தானே.

நிலூஷா: நீ இப்பிடிக் கதைக்கிறாய்? மழையையே சுருக்கமாட்டன் எண்ட ஆள்?

ஜொனாதன்: மழைக்கு அவனைப்போலப் படிக்கிற தங்கச்சி இல்லை. மழைக்கு அடுத்த மாசம் வீட்டு வாடகை இல்லை. நான் அவன்ர சினேகிதன், நிலூ. அளக்கிற ஆள் இல்லை.

நிலூஷா: பின்னேரம் முழுக்க அளக்கிற ஆளாத்தான் நிண்டனீ.

ஜொனாதன்: ...சரி. நான் சொல்லுறன். நீ வாய் திறக்காத.

நிலூஷா: எப்ப சொல்லுவாய்?

ஜொனாதன்: அவன் ரோல்ஸ் திண்ட பிறகு.

நிலூஷா: படியில சத்தம் கேக்குது.

ஜொனாதன்: ஸ்கிரீனை மாத்து. கெதியா.

திலக்ஷன்: மரக்கறி ரோல்ஸ் முடிஞ்சுதாம். மீன்தான் கிடைச்சது... ஏன் ரெண்டு பேரும் இப்பிடி இருக்கிறியள்?

ஜொனாதன்: எப்பிடி?

திலக்ஷன்: செத்தவீட்டில முன்வரிசையில இருக்கிற மாதிரி.

நிலூஷா: வெக்கை.

திலக்ஷன்: இந்தக் காத்திலயோ? சரி, நான் உள்ளுக்கு வந்திட்டனோ? காட்டு, பாப்பம்.

ஜொனாதன்: இன்னும் ஏறிக்கொண்டிருக்கு. நேரம் எடுக்கும்.

திலக்ஷன்: அப்ப இந்த ஸ்கிரீனில நிக்கிறது ஆர்?

ஜொனாதன்: அது... முதல் ஓவர். சாதாரணப் பந்து.

திலக்ஷன்: ஐயோ, உண்மையாவே மூக்கைத் தடவுறன்.

நிலூஷா: சொன்னனான்தானே.

திலக்ஷன்: என்ர நடை இதுவோ? அப்பான்ர நடை மாதிரி இருக்கடா... சரி, மற்ற ஓவரைக் காட்டு.

ஜொனாதன்: முதல் சாப்பிடு. ஆறப் போகுது.

திலக்ஷன்: எனக்கு வேண்டாம். உங்களுக்குத்தான் வாங்கினனான். ஜொனா... கை எப்பிடி?

ஜொனாதன்: என்ன கை?

திலக்ஷன்: என்ர கை. அந்தப் பந்துக்கு. நேரோ?

ஜொனாதன்: நேர்தான்.

நிலூஷா: ஜொனா...

ஜொனாதன்: கோடு கீறுற அடிமட்டம் மாதிரி இருக்கு. நேர்.

திலக்ஷன்: உண்மையாவோ?

ஜொனாதன்: ஓமெண்டுறன்.

திலக்ஷன்: அம்மா சத்தியமா?

ஜொனாதன்: அம்மாவை ஏன்டா இதுக்குள்ள இழுக்கிறாய்?

திலக்ஷன்: அப்பாடா... ரெண்டு பேரும் இந்த ரோல்ஸை எடுங்கோ. நானும் ஒண்டு எடுக்கிறன், இப்ப பசிக்குது. கொஞ்சம் பொறு, நான் கிளப் கோச்சுக்குப் போனில ஒரு கோல் எடுக்கோணும்.

ஜொனாதன்: ஏன்? இதை ஏன் கோச்சுக்கு?

திலக்ஷன்: உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. சொல்ல மனம் வரேல்லை. போன மட்ச்சில ஒரு அம்பயர் கோச்சைத் தனியக் கூப்பிட்டுக் கதைச்சவர். பொடியன்ர அந்தப் பந்தில எனக்குச் சந்தேகம் இருக்கு, இந்தமுறை எழுதேல்லை, சனிக்கிழமையும் அதே மாதிரி வந்தா எழுதுவன் எண்டு. நல்ல மனுசன். எழுதாமலே சொன்னவர்.

நிலூஷா: கோச் என்ன சொன்னவர்?

திலக்ஷன்: ரெண்டு வழி இருக்கு, தம்பி எண்டு சிங்களத்தில சொன்னார். ஒண்டு, நீயா விலகு. மூண்டு மாசம் ஒருத்தருக்கும் தெரியாம என்னோட நிண்டு கையைத் திருத்து. ஒரு இடத்திலும் பேர் பதியாது. இந்த வருச ஒப்பந்தம் போகும், அவ்வளவுதான். மற்றது, கை நேர் எண்டு உனக்கு நம்பிக்கையெண்டா சனிக்கிழமை வந்து போடு. எழுதினா எழுதட்டும், பரிசோதனைக்குப் போய் வெண்டு வருவம். இண்டைக்கு இருட்ட முதல் முடிவு சொல்லு எண்டார். நான் சொன்னனான், அய்யே, என்ர சினேகிதன் ஒருத்தன் மெசின் ஒண்டு செய்திருக்கிறான், குளியலறைக் கதவுக்கும் பொய் சொல்லாது, அதிட்டக் கேட்டுட்டுச் சொல்லுறன் எண்டு.

நிலூஷா: கதவைப் பற்றி உனக்கு முதலே தெரியுமோ?

திலக்ஷன்: இவன்ர அப்பா ஊருக்கே சொல்லிக்கொண்டு திரியிறார். சும்மா திருப்பிக் கேட்டனான். பொறு, கோல் போகுது...

ஜொனாதன்: போனை வை.

திலக்ஷன்: என்ன?

ஜொனாதன்: கட் பண்ணு.

திலக்ஷன்: ஏன்டா?

ஜொனாதன்: இருபத்திரண்டு.

திலக்ஷன்: என்ன இருபத்திரண்டு?

ஜொனாதன்: உன்ர முழங்கை. அந்தப் பந்துக்கு. பதினைஞ்சுக்கு மேல கூடாது. உனக்கு இருபத்திரண்டு. ஒரு பந்தில இருபத்திமூண்டு. சாதாரணப் பந்தில ஒரு பிழையும் இல்லை.

திலக்ஷன்: ...நீ இப்பதானே நேர் எண்டனீ.

ஜொனாதன்: அது நான் சொன்னது. இது புரோகிராம் சொல்லுறது.

திலக்ஷன்: ம்.

நிலூஷா: திலக்ஷன், இரு. இந்தக் கதிரையில இரு.

திலக்ஷன்: நிண்டா ஒண்டுமில்லை. காட்டு.

ஜொனாதன்: வேண்டாம்டா.

திலக்ஷன்: காட்டு எண்டுறன்... ஓ. மெல்ல விடு. இன்னும் மெல்ல... ஓம். தெரியுது.

நிலூஷா: இது எப்பிடி வந்தது? மற்றப் பந்துக்கு நேராத்தானே போடுறாய்?

திலக்ஷன்: தகரம்.

நிலூஷா: என்ன தகரம்?

திலக்ஷன்: கொட்டாஞ்சேனையில எங்கட ஒழுங்கை. ஒரு முனையில நிண்டு போட்டா மேல வானம். மற்ற முனையில பேக்கரிக்காரன் கூரைத் தகரத்தைப் பதிவா, தலை தட்டுற உயரத்தில இறக்கி இருக்கிறான். அந்தப் பக்கத்தால போடேக்க கையை நிமித்தினா தகரம் கீறும். நெடுகக் கீறு வாங்கி, கடைசியில கையை மடக்கித் தகரத்துக்குக் கீழால கொண்டு வந்து, வெளிய வந்தாப்போல நிமித்திப் பழகிட்டன். அப்பிடிப் போடேக்கதான் ஒருநாள் பந்து மற்றப் பக்கம் திரும்பினது. நான் பெரிய ஆள் எண்டு நினைச்சிட்டன்.

ஜொனாதன்: நீ பெரிய ஆள்தான்.

திலக்ஷன்: தகரம்தான்டா பெரிய ஆள். இப்ப மைதானத்தில தகரம் இல்லை. கைக்கு அது தெரியேல்லை. பொறு, கோச் திருப்பி எடுக்கிறார். ஹெலோ... ஒவ் அய்யே... நே, நேர் இல்லை அய்யே. ஒவ்... ஒவ்... மம செனசுராதா என்னே நே... ஒவ். ஸ்துதி அய்யே.

ஜொனாதன்: சனிக்கிழமை வரமாட்டன் எண்டுட்டியோ?

திலக்ஷன்: ஓம். திங்களில இருந்து விடிய வரச் சொன்னார்.

நிலூஷா: என்ன சொன்னவர்? ஏசினவரோ?

திலக்ஷன்: இல்லை. சந்தோசப்பட்ட மாதிரி இருந்தது. மூண்டு மாசத்தில அதே பந்து நேர்க் கையால வரும் எண்டார். வரும் எண்டு நீங்கள் நினைக்கிறியளோ?

ஜொனாதன்: வரும்.

திலக்ஷன்: இதுவும் நீ சொல்லுறதோ, புரோகிராம் சொல்லுறதோ?

ஜொனாதன்: ...நான்தான்.

திலக்ஷன்: சரி. இன்னொண்டு, ஜொனா. கேமில என்ர பேர் வரும்தானே, சேட்டுக்குப் பின்னால?

ஜொனாதன்: அதைத்தானே உனக்குத் தாறன் எண்டனான்.

திலக்ஷன்: அதை எடுத்துவிடு.

நிலூஷா: ஏன்? தங்கச்சி தன்ர வகுப்பு முழுக்கச் சொல்லிட்டாள் எண்டனீ?

திலக்ஷன்: நான் திரும்பி வரேக்க ஒருத்தன் இந்தக் கேமைப் போட்டு, மெல்ல ஓட்டி, இந்தா பார் கை எண்டு காட்டினா? பதியாத பேரை நாங்களே பதிஞ்ச மாதிரி. வேற ஏதாவது பேர் போடு.

நிலூஷா: அந்தப் பந்தை மட்டும் எடுத்துவிடுவம். பேர் இருக்கட்டும்.

திலக்ஷன்: அந்தப் பந்து இல்லாட்டி அது நான் இல்லையே. பஸ்ஸில நிக்கிற ஆரோ ஒருத்தன். பரவாயில்லை, பந்தை வைச்சிரு. பேரை எடு. இவன் கையில தொடமாட்டான் எண்டு எனக்குத் தெரியும். புள்ளியளைக் கழட்டுறன். நிலூ, முதுகில ரெண்டு இருக்கு, எட்டேல்லை.

நிலூஷா: திரும்பு... வா, நானும் பஸ் ஹோல்ட் மட்டும் வாறன்.

ஜொனாதன்: நான்...

திலக்ஷன்: நீ இரு. உனக்கு வேலை கிடக்கு.

*

நிலூஷா: ஜொனா? நீ இன்னும் மேலயோ... இது என்ன கோலம்?

ஜொனாதன்: பஸ் கிடைச்சுதோ அவனுக்கு?

நிலூஷா: கிடைச்சுது. புறக்கோட்டையில இறங்கி மாறுவான். நீ ஏன் கையெல்லாம் மஞ்சள் புள்ளி ஒட்டியிருக்கிறாய்?

ஜொனாதன்: சும்மா. ஒரு கணக்குப் பாக்க.

நிலூஷா: முன் பிளட்டு அன்ரி கேர்ட்டனை முழுக்கத் திறந்திட்டா. உனக்கும் தொத்திட்டுது எண்டு நினைப்பா... அதென்ன ஸ்கிரீனில? திலக்ஷன்ர காலும் தோளும் இருக்கு, வலது கை எங்க?

ஜொனாதன்: வெட்டிட்டன்.

நிலூஷா: வெட்டி? ஒட்டப் போறியோ? நீயோ?

ஜொனாதன்: சத்தம் போடாத. கீழ அப்பா நிக்கிறார்.

நிலூஷா: அப்பிடியெண்டா அவன்ர சாதாரணப் பந்தின்ர கையை எடுத்து வை. அது நேராத்தானே இருக்கு.

ஜொனாதன்: வைச்சுப் பாத்தனான். மணிக்கட்டு மற்றப் பக்கம் பாக்குது. பந்து அவன்ர காதுக்குள்ளால வெளிய வந்தது.

நிலூஷா: அதனால?

ஜொனாதன்: அதனால அந்தப் பந்தை நேர்க் கையால போடுற ஒருத்தன் வேணும். நான் போட்டுப் பாக்கிறன்.

நிலூஷா: உன்ர வாழ்நாளில நீ ஒரு ஓவர் போட்டிருக்கிறியோ?

ஜொனாதன்: கீப்பரை ஒருத்தரும் போடச் சொல்லிக் கேக்கேல்லை. ஆனா அந்தப் பந்து எப்பிடி வெளிய வரும் எண்டு என்னைப்போல பாத்தவன் இல்லை. நீ லப்டொப்புக்கு முன்னால இரு. ஒவ்வொண்டுக்கும் எத்தினை பாகை எண்டு சொல்லு.

நிலூஷா: ...பஸ் வர முதல் அவன் ஒண்டு சொன்னவன். உன்னட்டைச் சொல்ல வேண்டாம் எண்டவன்.

ஜொனாதன்: அப்ப சொல்லாத.

நிலூஷா: கோச் வீடியோ எடுத்துக் காட்டினவராம். முந்தநாள். இங்க வரேக்கையே அவனுக்குக் கை மடங்குது எண்டு தெரியுமாம்.

ஜொனாதன்: தெரியுமோ?... பின்ன ஏன் என்னட்டைக் கேட்டவன்?

நிலூஷா: நீ நேர் எண்டு சொன்னா, கோச்சின்ர வீடியோதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டு சனிக்கிழமை போவம் எண்டு இருந்தவனாம்.

ஜொனாதன்: நான் முதல் நேர் எண்டுதானே சொன்னனான்.

நிலூஷா: ஓம். அந்தக் கொஞ்ச நேரம் நல்லா இருந்தது எண்டான். ரோல்ஸ்கூட ருசியா இருந்ததாம். கோவமோ?

ஜொனாதன்: இல்லை. போன் நாலும் ஓடுதோ?

நிலூஷா: ஓடுது. போடு.

ஜொனாதன்: ...எத்தினை?

நிலூஷா: பத்தொன்பது.

ஜொனாதன்: எனக்குமோ? எங்கட வீட்டில தகரமும் இல்லையே.

நிலூஷா: பந்து வேற தண்ணித் தாங்கிக்குப் பின்னால போயிட்டுது.

ஜொனாதன்: அழி. திருப்பிப் போடுறன்... இப்ப?

நிலூஷா: பதினேழு.

ஜொனாதன்: அழி.

நிலூஷா: தோள் நோகுதோ?

ஜொனாதன்: நோகேல்லை. இப்ப?

நிலூஷா: பதினாறரை. ஜொனா, வெளிச்சம் போகுது. நாளைக்கு எடுப்பம்.

ஜொனாதன்: அவன்ர பேரைக் கேமிலயிருந்து எடுக்காத. சேட்டுக்குப் பின்னால அப்பிடியே கிடக்கட்டும்.

நிலூஷா: சரி, எடுக்கேல்லை. ஆனா ஆராவது இது உண்மையில ஆர்ர கை எண்டு கேட்டா, என்ன சொல்லப் போறாய்?

ஜொனாதன்: அவன்ரதான். வந்து சேர மூண்டு மாசம் செல்லும், நான் கொஞ்சம் முந்தி எடுத்து வைக்கிறன்... போனைப் பார், ஓடி வாறன்.